பூசணிக்கு அனுப்பாத பொட்டி

மான்டானா மலை முகாம்
செப்டம்பர் 3

ஏய் பூசணி,

சிரிக்காத, உங்கண்ணன்தான் பேனா பிடிச்சு எழுதறேன். இந்தக் காட்டுல போன் எடுக்காது. பாதையில விழுந்த மரத்த அறுக்கறதுதான் வேலை. வாரத்துக்கு ஒரு தடவ கோவேறு கழுதை மேல சாமானும் தபாலும் வரும்.

காலேஜ்ல முதல் வருஷம் எடை பதினஞ்சு பவுண்டு ஏறும்னு சொல்வாங்களே, நெசம்தான். நீ இப்ப சேந்த அதே காலேஜ்ல நான் அஞ்சு மாசத்துல படிப்ப விட்டேன், பவுண்டு என்ன விடல. மெஸ்ல ஒரு வேளைக்கு ஒரு தடவதான் கார்ட தேய்க்கலாம், தேய்ச்சிட்டு உக்காந்தா எவ்வளவு வேணா அள்ளலாம். பொட்டலமா வாங்கினா உக்கார விடமாட்டாங்க. வாசல்ல இருக்கற அம்மா கழுகு மாதிரி பாக்கும். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள கதவ அகலப்படுத்தச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிட்டேன்.

இங்க மூணு வேளையும் பீன்ஸ். எலும்பாயிட்டேன்.

வேட்


ஒஹாயோ, விடுதி அறை
செப்டம்பர் 19

அண்ணா,

கதவு அப்படியே இருக்கட்டும். எங்க மாடியில பன்னெண்டு பொண்ணுங்க. குளியலறைக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கோம். ஞாயித்துக்கிழம தபாலறைக்குப் போய், பார்சல் எடை போடற மெஷின்ல ஏறி நின்னு, அவங்கவங்க எடைய அந்தத் தாள்ல எழுதுவோம். யாருக்கு ஏறுச்சோ அவ குப்பை கொட்டணும். சும்மா விளையாட்டுதான்.

முதல் வாரமே காலேஜ் நர்ஸம்மா வந்து பேசினாங்க. தட்டுல பாதி காய்கறி, சோடாவுக்குப் பதிலா தண்ணி, நல்லா நடங்க, நல்லா தூங்குங்க, ஒரு வேளையும் பட்டினி கிடக்காதீங்கன்னாங்க. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்.

எலும்பாயிட்டேன்னியே, இந்தப் பொட்டி உனக்கு. மெஸ் ரொட்டி, பிஸ்கட், வேர்க்கடலை வெண்ணெய்.

கோரா


மலை முகாம்
அக்டோபர் 6

பூசணி,

நீ மகராசியா இருக்கணும். மூணு பொட்டி வந்துச்சு. எங்க குழுத் தலைவன் ஆர்லோ, இந்த மாதிரி தங்கச்சி எங்க கெடைக்கும்னு கேக்கறான். ரொட்டி காஞ்சிருந்தாலும் நெருப்புல வாட்டித் தின்னோம். இன்னும் அனுப்பு.

ஆமா, எழுத்து ஏன் கோழி கிளறின மாதிரி இருக்கு?

வேட்


விடுதி
அக்டோபர் 20

அண்ணா,

கையுறை போட்டுட்டு எழுதறேன், அதான். அறையில எல்லாரும் ஜன்னலத் திறந்து வெக்கறாங்க, எனக்கு மட்டும் குளிருது. நேத்து படிக்கட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன், ஒண்ணுமில்ல. குளிக்கிற எடத்துல என் முடி அடைச்சுக்குதுன்னு என் அறையில இருக்கற டெஸ் திட்டறா. அவளுக்குப் பொறாமை. ஆறு வாரமா கதவுத் தாள்ல எடை கொறைஞ்சதுல நான்தான் முதல்ல. நான் குப்பையே கொட்டினதில்ல.

இனிமே நீ என்ன பூசணின்னு கூப்பிட முடியாது. பாத்தா அசந்துடுவ.

அடுத்த பொட்டி பெருசு. நல்லா சாப்பிடு. நீ சாப்பிட்டா எனக்கு வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கு.

கோரா


மலை முகாம்
நவம்பர் 2

கோரா,

பொட்டி வந்துச்சு. பசங்க கைய நீட்டினாங்க. ஆர்லோதான் ஒரு பொட்டலத்தத் திருப்பிப் பாத்துட்டு, இதென்ன ஒட்டியிருக்குன்னான். மெஸ் சீட்டு. தேதி, காலை, மதியம், ராத்திரின்னு அச்சடிச்சது. இத்தன நாள் கிழிச்சு நெருப்புல போட்டேன், ஒரு தடவகூடப் படிக்கல.

எல்லாத்தையும் தார்ப்பாய் மேல வரிசையா அடுக்கினேன். திங்கக்கிழம காலையிலேர்ந்து ஞாயித்துக்கிழம ராத்திரி வரைக்கும் ஒரு வேளையும் விட்டுப்போகல. பொட்டலம் வாங்கினா உக்கார விடமாட்டாங்க. அத உனக்கு எழுதினவனே நான்தான். நீ எங்கடி உக்காந்து சாப்பிட்ட?

மூணு பொட்டி தின்னேன். இன்னும் அனுப்புன்னு வேற எழுதினேன். பூசணின்னு உன்ன கேலி பண்ணி ஆரம்பிச்சு வெச்சதும் இந்த வாய்தான்.

ஆர்லோ ஒரே வார்த்ததான் சொன்னான். "கெளம்புடா. லெட்டர் போடறதுக்கு இது நேரமில்ல."

விடிஞ்சதும் கழுதையோட எறங்கறேன். ரோட்டுல போன் எடுத்ததும் அப்பாவுக்கும், உங்க நர்ஸம்மாவுக்கும் பேசுவேன். கோவப்படுவ, படு. அப்புறம் பஸ்ஸு, ரெண்டு நாள். இந்த லெட்டரக் கழுதக்காரன் தபால்ல போடுவான். எனக்கு முன்னாடி வந்தா படி.

அந்த ஞாயித்துக்கிழம மெஷின்ல ஏறாத. படிக்கட்டுல தனியா போகாத. டெஸ்ஸ பக்கத்துலயே வெச்சுக்கோ, திட்டினாலும் பரவால்ல.

பொட்டிய அப்படியே கட்டி எடுத்துட்டு வர்றேன். நான் தட்டுவேன். சத்தம் போட்டாவது நான் வந்துட்டேன்னு சொல்லுவேன். நீ எந்திரிச்சு வந்து கதவத் திற கோரா. நீயா எந்திரிச்சு வந்து திற.

அண்ணன்