திரையில் ஒரு புள்ளிகூட இல்லை

இன்று காலை ஆய்வகத்தில் கையில் ஸ்பிரிட் தெளித்துக்கொண்டேன். அந்த வாசனை என்னை நேராக நீ படுத்திருந்த வேலூர் ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுபோய்விட்டது. "இந்த நாத்தத்துலயா தெனமும் வேலை செய்யற? இன்னா பொழப்புடி இது" என்று மூக்கைச் சுளித்தாய். ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் உன் தலைமுடி மொத்தமும் போயிருந்தது. ஆனாலும் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஆரணிக் கடை ஒன்றின் பட்டுப்புடவை பார்டருக்கு மயில் வரைந்துகொண்டிருந்தாய்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். என் ஆராய்ச்சி என்னவென்று நீ முழுசாகக் கேட்டது அன்றுதான். உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளை வெளியே விடும். அவற்றுக்கு எக்ஸோசோம் என்று பெயர். நோய் அணுவைக் கொல்லும் சரக்கு அவற்றுக்குள் இருக்கும் என்று சொன்னேன்.

"அப்ப அது ஊட்ல குந்திகினு பார்சல்ல குண்டு அனுப்புது" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு எப்ப குடுப்பாங்க?" என்றாய்.

"இப்பத்திக்கு கண்ணாடித் தட்டுலதான்டி கொல்லுது. மனுஷங்களுக்கு வர எத்தனை வருஷம் ஆகும்னு தெரியாது."

உனக்கு மருந்து நன்றாகவே வேலை செய்தது. ரத்தத்தில் நோய் அணுக்கள் குறைந்துவிட்டன, மருந்தின் மீதிச் சுற்றுகளை மட்டும் விட்டுவிடாதே என்றார் டாக்டர். நீ ஓய்வுக்கு ஆரணிக்குப் போன நேரத்தில்தான் டாக்டர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பக்கத்து ஊரில் கிளினிக் திறந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பெரிய எழுத்தில் 'எக்ஸோசோம் சிகிச்சை'.

நீ போன் செய்தாய். "முடி கொட்டாதாம்டி. வாந்தி வராதாம்."

"போவாத. அது இன்னும் மருந்தே ஆகலை."

"நோயைக் கொல்லுதுன்னு நீதானே சொன்ன?"

"தட்டுலன்னு சொன்னேன்."

"என்னால இன்னொரு தபா அந்த வாந்தியைத் தாங்க முடியாதுடி" என்று சொல்லி போனை வைத்தாய். உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் களைப்பு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் கடை போட்டவன்மேல்தான் வந்தது. மறுநாள் கிளம்பி ஆரணிக்கு வந்தேன். அதற்குள் முதல் ஊசி போட்டாகிவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் வேலூர் மருந்தை விட்டுவிட்டு அவனிடமே போய்க்கொண்டிருந்தாய். சில மாதத்தில் காய்ச்சல் கண்டு உன்னை மறுபடி வேலூருக்குத் தூக்கிப்போனபோது, ரத்தம் முழுக்க நோய் அணுக்கள் மறுபடி பெருகியிருந்தன.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். பாதி மீதி இருந்தது. "நீயே பாரும்மா, இதுல இன்னா கீதுன்னு" என்றார். பார்த்தேன். எக்ஸோசோம் இருந்தால் எங்கள் கருவியின் திரையில் புள்ளி புள்ளியாக மினுங்கும். திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை வைத்துப் பார்த்தேன். உன் உடம்பில் அவன் ஏற்றியது வெறும் உப்புத் தண்ணீர்.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. அவனிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களைத் தேடி பெரணமல்லூர், வந்தவாசி என்று வீடு வீடாகப் போனேன். படவேட்டில் ஒரு பெண்மணி அப்போதும் அவன் ஊசியைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவரை பஸ் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன், இன்று நடமாடுகிறார். மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிப் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து கிளினிக்குக்குச் சீல் வைத்த அன்று லீவு போட்டுவிட்டு எதிர்க் கடை வாசலில் நின்றேன். ஜீப்பில் ஏறப்போனவன், புகார் கொடுத்தவள் நான்தான் என்று அடையாளம் கண்டு சொன்னான்.

"மேடம், நீங்களும் இதே லைன்தானே? நான் ஜனங்களுக்கு நம்பிக்கைதான் குடுத்தேன்."

"நீ ஜெயிலுக்குப் போற வரைக்கும் விடமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

இப்போது ஜாமீனில் வந்துவிட்டான். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போனவ திரும்பி வரப்போறாளா? விட்டுடும்மா, உனக்கும் குடும்பம் கீது" என்கிறார். அவரால் விட முடிகிறது. என்னால் முடியவில்லை. ஆய்வகத் தட்டில் நோய் அணுக்கள் சாவதைப் பார்க்கும்போது, கூட வேலை செய்பவர்கள் முடிவைக் குறித்துக்கொள்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சாவு, சாவு என்கிறேன். இது மருந்தாக இன்னும் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன. மருந்தாகாமலே போனாலும் போகலாம். ஆனால் இந்தப் பெயரைச் சொல்லி இன்னொருத்தியை அவன் ஏமாற்ற விடமாட்டேன்.

வழக்கை இழுத்துக்கொண்டே போகிறார்கள். நான் ஒரு வாய்தாவையும் தவறவிடுவதில்லை. போன முறை கோர்ட்டில் என்னைக் கண்டதும் அவன் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். நான் எழுந்து, அவன் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.