யார் எடுத்த இரும்பு

அன்பு மாறாத மாப்பிள்ளை கோவிந்தனுக்கு,

பாகூரில் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. நீ போன பிறகு வந்த முதல் வெட்டு. ஆலைக்குள் நுழைந்தால் நீ விழுந்த இடத்தைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே எனக்கு இன்னும் கால் கூசுகிறது.

உருளைகளை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு தேடிய நாள் ஞாபகம் இருக்கிறதா? வார்ப்பிரும்பு வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாய். "வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவக் காய்ச்சி அடிச்சிக்கலாம் மச்சான். அது தேனிரும்பு. பாரம் தாங்கலன்னா வளையும், சொல்லிட்டுத்தான் போவும். வார்ப்பு சொல்லாம கொள்ளாம வுட்டுடும்" என்றாய்.

நான் கேட்டேனா? தேன் என்ற பேரைப் பிடித்துக்கொண்டு, "எறும்பு மொய்க்கப் போவுதுபா" என்று ஆட்களுக்கு முன்னால் கிண்டலடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். பாவி, நீயும் சிரித்தாய். தடிமனாக, பார்க்க எடுப்பாக இருந்த வார்ப்புக் கிளாம்பையே மாட்டச் சொன்னேன். மேஸ்திரி நானல்லவா. இறுக்கியது நீ. மூன்றாம் நாள் அது இரண்டாகத் தெறித்து, ஒரு துண்டு உன் நெஞ்சில் அடித்தது.

விசாரிக்க மேரி ஆபீசிலிருந்து, நம் முனிசிபாலிட்டியிலிருந்து, வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "யார் இறுக்கினது?" என்று. "மாப்பிள்ளைதான்" என்றேன். அது பொய் இல்லையே. அளவுக்கு மேல் இறுக்கிவிட்டான் என்று பிரெஞ்சில் எழுதிக்கொண்டு போனார். இரும்பைத் தேர்ந்து எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் ஊருக்கு நீ கை தப்பினவன்.

உன் பெண்சாதி, என் தங்கச்சி அஞ்சலை மட்டும் நம்பவில்லை. "இன்னாண்ணா, அவரு கை தப்புமா? நீயே சொல்லு" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள். நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இந்த வருஷம் வண்டிப் பட்டாவில் நானே அடித்து மாட்டினேன். முந்தாநாள் கரும்போடு ஒரு கல் போய்ச் சிக்கியது. கிளாம்பு கிறீச்சிட்டு மெல்ல வாயைப் பிளந்தது. இன்ஜினை நிறுத்த அவகாசம் கிடைத்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. "மேஸ்திரிக்கு இன்னா மூளபா" என்று என் முதுகில் தட்டினார்கள். உனக்கு விழ வேண்டிய தட்டு. ஆலைக்குப் பின்னால் போய் அழுதேன் மாப்பிள்ளை.

வளைந்ததையும் உடைந்ததையும் ஒரே துணியில் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை முதலில் அஞ்சலை வீடு, அப்புறம் மேரி ஆபீஸ். அஞ்சலை இனி என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். யார் இறுக்கினது என்று கேட்டால் உன் பேரைச் சொல்வேன். யார் எடுத்த இரும்பு என்று கேட்காவிட்டாலும் என் பேரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத மச்சான்,
நடேசன்