ஓடக்காரர் சொன்ன கதைகள்

ஜனவரி 21, 2025

புது நோட்டு. ஆகவே கொஞ்சம் முதலிலிருந்து.

தண்டையார்பேட்டை. கீழே சௌக்கத் அலி பாயின் தார்ப்பாய்க் கிடங்கு. மேலே ஒரே அறையில் நாங்கள் நால்வர். பாயின் மகன் ஃபர்ஹான்தான் முதலாளி. ரூஹி படம் வரைகிறாள். ரெஜி சர்வரைப் பார்த்துக்கொள்கிறான். கதை என்னுடையது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டுப் பூதங்களுக்கு வசனம் எழுதுகிறாள் என்று தன் கடைக்கு வருபவர்களிடம் அப்பா சொல்கிறார். குறையாகவா, பெருமையாகவா? குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் விளையாட்டு உப்பங்கழி. போனில் ஆடுவது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் எங்களுக்கு அன்று திருவிழா. எங்கள் பெரிய போட்டி விளையாட்டான நவகண்டத்தில் எந்த நேரமும் லட்சக்கணக்கில். பஸ்ஸில், டீக்கடையில், எங்கள் சர்ச்சின் கடைசி பெஞ்சில்கூட நவகண்டம்தான்.

பழைய போன்களில் எங்கள் ஆட்டத்தின் அடுத்த கட்டமான மறுகரை திறக்க நான்கு நிமிடம் ஆகிறது. அவர்களுக்கு நான்கு நொடி. வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் ஆள் ஓடிவிடுவான் என்று ரெஜி அந்த இடத்தில் ஓர் ஓடத்தை விட்டான். ஓடக்காரர் துடுப்புப் போட்டபடி பயணிகளோடு, அதாவது காத்திருக்கும் ஆட்டக்காரர்களோடு, பேசுவார். பேசுவது நான். மாலை நான்கு முதல் ஏழு வரை தட்டச்சு செய்துகொண்டே இருப்பேன். மற்ற நேரங்களில் அவர் ஊமை.

பிப்ரவரி 28 அன்று ‘சாம்பல் கரை’ என்ற புதுப் பகுதி வெளியாகிறது. அதற்கும் ஆள் சேராவிட்டால் மே மாதம் அறையை வாப்பாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறான் ஃபர்ஹான். தார்ப்பாய்க்கு இடம் போதவில்லையாம்.

ஜனவரி 29

ஒன்றுமில்லை. மின்சாரம் இரண்டு முறை போனது.

பிப்ரவரி 6

நவகண்டம் ஒரு புதுக் கரையை அறிவித்திருக்கிறது. ஒன்றரை நிமிட வீடியோ. ஐம்பத்திரண்டாவது நொடியில் ஓர் ஆமை. முதுகில் கலங்கரை விளக்கம். அது நடந்தால் கப்பல்கள் வழி தவறும்.

என் ஆமை. சாம்பல் கரைக்கு நான் எழுதியது.

பத்து நொடி கழித்து ஒரு சுங்கச்சாவடி. சரக்குக்குப் பதிலாக ஆட்களின் பெயர்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரி. பெயரிழந்தவர்கள் வரிசை.

அதுவும் என்னுடையது.

ஒன்று என்றால் தற்செயல். இரண்டு?

ரூஹி திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். “ஓட்டுல கீற கோடுகூட நம்ம மாதிரியே இருக்குடி. ஆனா நல்லா வரைஞ்சிருக்கானுங்க, பேமானிங்க.” ரெஜி ஒன்றும் சொல்லவில்லை. ரெஜி ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

பிப்ரவரி 7

சாம்பல் கரை எந்தக் கணினியிலும் இல்லை. ஒரு லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதியிருக்கிறோம், அது ஃபர்ஹானின் பீரோவில். கணினியில் ஏற்றுவது கடைசி மூன்று வாரத்தில் என்பது எங்கள் வழக்கம். திருட்டுக்குப் பயந்துதான்.

எனவே வெளியாள் இல்லை. நால்வரில் ஒருவர்.

ஃபர்ஹான் மெதுவாகத்தான் சொன்னான்: “பூட்டு ஒடையல, பீரோ அப்டியே கீது. அப்ப உள்ள இருக்கறவன்தான்.” யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு இவ்வளவு முயற்சி வேண்டுமா.

பிப்ரவரி 11

படிக்கட்டில் ரெஜி போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் மேல் படியில் நின்றேன். தண்ணீர் பாட்டிலோடு, தற்செயலாக நிற்பவள் போல.

“ஆமா சார். இவுங்களுக்கு இன்னும் தெரியாது. முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்.”

எங்களில் யாரையும் ரெஜி ‘சார்’ என்று அழைத்ததில்லை. சௌக்கத் அலியைக்கூட நைனா என்பான்.

பிப்ரவரி 13

மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கியபோது ரெஜி மட்டும் இருந்தான். திரும்பி வந்தபோது அவன் மேஜையில் ஒரு கருப்பு ஹார்டு டிஸ்க். மறுகரை முழுவதும் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மேலே செய்தித்தாளைப் போட்டான்.

எழுதி வைக்கிறேன். நேரம் 1.50. வெளிர்நீலச் சட்டை.

சட்டையின் நிறம் எதற்கு?

பிப்ரவரி 14

ரெஜி எனக்கும் சேர்த்து பஜ்ஜி வாங்கி வந்தான். “துன்னு ப்ரியம், மூஞ்சி ஏன் செத்துப் போயி கீது?” நான்கு வருடமாக இப்படித்தான் வாங்கி வருகிறான். இன்று தின்னும்போது நினைத்தேன்: இது ஏன் இன்றைக்கு?

தேவப்பிரியம் என்ற என் பெயரைப் பாதியாக்கியதும் அவன்தான்.

பிப்ரவரி 19

ஃபர்ஹானிடம் சொல்லிவிட்டேன். படிக்கட்டு, சார், ஹார்டு டிஸ்க், மணி 1.50. சட்டையைச் சொல்லவில்லை.

சொன்ன பிறகு இலகுவாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

பிப்ரவரி 20

ஃபர்ஹான் நேராகவே கேட்டான். “டிஸ்க்ல இன்னா ஏத்தின?”

ரெஜி சிரித்தான். “இன்னா பாய், செக்கிங்கா?” யாரும் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்தினான். “மறுகரைதான். வேலைக்குத்தான் எடுத்தேன்.”

“வூட்ல உக்காந்து இன்னா வேல?”

“முடிஞ்சதும் சொல்லலாம்னு கீறேன். இப்ப சொன்னா நக்கல் பண்ணுவீங்க.”

“நவகண்டத்துல எவ்ளோ தர்றானுங்க?”

ரெஜி டிஸ்க்கை மேஜையில் வைத்தான். கீழே போகும் முன் என் பக்கம் திரும்பினான்.

“ப்ரியம், நீயும் அப்டித்தான் நெனைக்கிறியா?”

நான் திரையைப் பார்த்தேன். ஓடத்தில் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள்.

அவன் திரும்பி வரவில்லை. மாலைக்குள் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றியாயிற்று.

பிப்ரவரி 28

சாம்பல் கரை வெளியானது. முதல் விமர்சனம் ஒன்பது நிமிடத்தில்: “நவகண்டத்தக் காப்பி அடிச்சி வச்சிருக்கானுங்க. வெக்கமா இல்ல?”

அதற்கு எழுநூறு விருப்பக்குறிகள். எங்களிடம் எழுநூறு பேர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 3

நோன்பு தொடங்கிவிட்டது. ஃபர்ஹான் பேசுவது குறைந்திருக்கிறது; நோன்பினால் மட்டுமல்ல. சர்வர் மூன்று முறை விழுந்தது. ரூஹி இணையத்தில் பார்த்துப் பார்த்து எழுப்பினாள். “ரெஜி இருந்தா ஒரு தட்டு தட்டி எழுப்புவான்” என்று அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மார்ச் 12

நவகண்டத்தில் புதன்தோறும் ஒரு வாரக் கதை வரும். எழுத்து மட்டும், ஒரு சின்னப் படம். இன்றையது: தன் குழந்தைக்குத் தாலாட்டுப் பாட அலையிடம் குரல் இரவல் கேட்கும் ஊமைப் பெண். அலை கொடுக்கிறது. திருப்பிக் கேட்க வரும்போது பெண் வீட்டை மாற்றிவிட்டாள்.

இது நோட்டில் இல்லை. பீரோவில் இல்லை. ரெஜி போன பிறகுதான் எனக்கே தோன்றியது. ரூஹியிடம்கூடச் சொல்லவில்லை.

என் தலைக்குள்ளிருந்து எடுத்தார்களா? அறையில் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா? மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரூஹி கேட்டாள்: “இன்னாடி தேடுற, கம்மலா?” ஆமாம் என்றேன்.

மார்ச் 13

ஓடத்தில் ஐந்தரை மணிக்கு மஹீன் ஏறினாள். வியாசர்பாடியிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஆடுபவள். ஓடக்காரர் ஆண் என்று நினைத்து அண்ணா என்பாள். இன்று சுட்டி ஒன்றை அனுப்பினாள். “அண்ணா, கோச்சிக்காதீங்க. நீங்க சொன்னதெல்லாம் ஒரு எடத்துல போட்டு வச்சிருக்கேன். ஒரு வருசமா. ஜனங்க நெறைய படிக்கிறாங்க.”

திறந்தேன். ‘ஓடக்காரர் கதைகள்’. நாற்பத்து மூன்று கதைகள். எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்தியிருக்கிறாள். ஒன்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். கல்லூரிப் பத்திரிகையில் என் கவிதை வந்தபோது படித்தது நான்கு பேர்.

உண்மையை எழுதுகிறேன்: முதலில் வந்தது சந்தோஷம். அரை மணி நேரம் என் கதைகளையே ரசித்துப் படித்தேன்.

பிறகுதான் ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த தேதிகளைப் பார்த்தேன்.

ஆமை, ஓட்டின் கோடுகள் உட்பட: செப்டம்பர் 17.
சுங்கச்சாவடி: அக்டோபர் 2.
குரல் இரவல்: பிப்ரவரி 26.

ஓடத்துக்கென்று வைத்திருந்த நான்கு நிமிடக் கதைகள் ஆகஸ்டிலேயே தீர்ந்துபோயின. தினம் மூன்று மணி நேரம், புதிது புதிதாக எங்கே போவேன்? சாம்பல் கரையில் இனி வரப்போவதை எடுத்துச் சொன்னேன். கேட்பவர்கள் “அப்புறம்?” என்கிறார்களா என்று பார்க்க. சொன்னவற்றில் எடுபட்டதை மட்டும் நோட்டில் எழுதினேன். அதை வேலை என்றே நினைத்தேன். சொல்லிவிட்டோம் என்ற எண்ணம்கூட ஒரு நாளும் வரவில்லை. ஓடத்தில் சொன்னது தண்ணீரோடு போய்விடும் என்பது போல.

யாரும் திருடவில்லை. வாசலில் நின்று நானே கூவியிருக்கிறேன்.

மார்ச் 15

ஃபர்ஹானிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் சொல்லாமலிருக்க எத்தனை நியாயங்கள் தோன்றின என்பதை எழுதினால் நோட்டு போதாது.

நோன்பு திறந்து கஞ்சியை வைத்துக்கொண்டிருந்தான். சுட்டியைக் காட்டினேன். நிதானமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

“நீயா?”

“நான்தான்.”

“வாப்பாகிட்ட அவன திருடன்னு சொல்லிட்டேன், தெரியுமா? அவரு நம்பவே இல்ல. ‘அந்தப் புள்ள அப்டி பண்ணாது’ன்னாரு. நான்தான் அடிச்சிச் சொன்னேன்.” கஞ்சியைத் தள்ளி வைத்தான். “நீ போய் சொல்லு. நான் பின்னாடி வரேன். இப்ப எனக்கு மூஞ்சி இல்ல.”

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக எர்ணாவூர். குடியிருப்பின் மூன்றாவது மாடி. ரெஜியின் அக்கா ஃப்ளோரா கதவைத் திறந்தாள். “வாம்மா” என்றாள், ஆனால் வழிவிட ஒரு கணம் ஆனது.

ரெஜி யாருடைய போனையோ பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடம், மஹீன், தேதிகள். படிக்கட்டில் ஒட்டுக்கேட்டது. ஃபர்ஹானிடம் போனது. அவன் திருகாணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்த சார் யாருன்னு கேக்க மாட்டியா?”

“கேட்கிற உரிமை...”

“பாலிடெக்னிக்ல எனக்கு வாத்தியாரு. இப்ப சர்வர் வாடகைக்கு வுடுறாரு. மறுகரைய அவர்து மிசின்ல போட்டுப் பாத்துகினு இருந்தேன். நாலு நிமிசத்த நாப்பது செகண்டுக்கு எறக்க முடியுமான்னு. மொத தபா ஊத்திக்கிச்சி. அதான் சொல்லல.”

ஃப்ளோரா டீ கொண்டுவந்து வைத்தாள். அவளே சொன்னாள்: “ஒரு மாசமா வெளிய போகல இவன். கீழ் வூட்டுக்காரங்க இன்னா வேலை போச்சான்னு கேக்கறாங்க.”

“நீ கம்முனு இரு” என்றான் அவளிடம். பிறகு என்னிடம்: “நவகண்டத்துக்காரன் மெய்யாலுமே கூப்ட்டான், தெரியுமா? போன வருசம். போகல.” திருகாணி ஒன்று உருண்டு போனது. இருவரும் தேடினோம். அவன்தான் கண்டெடுத்தான். “நாலு வருசம் பக்கத்துல குந்திகினு இருந்தியே. ஒரே ஒரு வார்த்த. ‘டேய், இன்னாடா இது’ன்னு. கேட்டிருந்தா சொல்லிருப்பேன் இல்ல?”

மன்னிப்பு என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். வேறு யாரோ எழுதி அச்சில் பார்த்தது போல இருந்தது. சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

மார்ச் 21

மஹீனிடம் பக்கத்தை எடுக்கச் சொல்லலாமா என்றாள் ரூஹி. வேண்டாம் என்றான் ஃபர்ஹான். அந்தத் தேதிகளை மஹீனே விமர்சனங்களுக்குக் கீழே ஒட்டிவிட்டாள்: “யாரு காப்பின்னு பாத்துட்டுப் பேசுங்க.” நேற்று நானூற்றுப் பத்துப் பேர் உள்ளே இருந்தார்கள். நவகண்டம் எதுவும் சொல்லவில்லை. அவர்களுக்கு நாங்கள் யாரென்றே தெரியாமலிருக்கலாம்.

இப்போது ஓடத்தில் வானிலை மட்டும் பேசுகிறேன்.

மார்ச் 31

பெருநாள். சௌக்கத் அலி பாய் தானே ஆட்டோ பிடித்து எர்ணாவூருக்குப் பிரியாணி எடுத்துப் போனாராம். ஃபர்ஹான் பின்சீட்டில். அங்கே என்ன பேசினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7

ரெஜி இன்று வேலைக்கு வந்தான்.

மறுகரை நாற்பத்தெட்டு நொடியில் திறந்தது. ரூஹி விசில் அடித்தாள். ஃபர்ஹான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, “செம மாமு” என்று மட்டும் சொன்னான். மே மாதம் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், ரெஜியும். என்னிடமும் பேசினான். மறுகரையின் புதுப் பெயர்ப்பலகையில் எந்த எழுத்துரு வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். “சரி” என்றான்.

நான்கு மணிக்கு டீ குடிக்க எழுந்தான். கடை எதிரிலேயே இருக்கிறது; போய்வர ஐந்து நிமிடம்.

எழுந்தவன் குனிந்து தன் கணினியில் இரண்டு விசைகளை அழுத்தினான். திரை கருத்தது. கடவுச்சொல் கேட்கும் கட்டம் மட்டும் நின்றது. பிறகு இறங்கிப் போனான்.

இந்த அறையில் இதுவரை யாரும் திரையைப் பூட்டியதில்லை.