மதில் மேல் கரண்ட்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. மகள் யாழினி யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரி போட்டே காய வைத்தேன்.

பக்கத்து வீட்டு சேகர் மதில் மேல் கம்பி இழுத்துவிட்டார். மஞ்சள் போர்டு, மண்டை ஓடு, 'மின்வேலி'. எல்லாம் எங்களோடு கார் நிறுத்துகிற சண்டைதான். நிஜமாகவே கரண்ட் உண்டா, தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இருப்பே கொள்ளவில்லை.

"நாமளும் இழுக்கலாம். நம்மகிட்ட ஒண்ணு இருந்தாத்தான் அடங்குவான்."

"கரண்ட் விடுவீங்களா?"

"சேச்சே. சும்மா பயமுறுத்தத்தான்."

நவ. 12, புதன்

பஸ்ஸில் கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டம். நின்றுகொண்டே போனேன்.

பிளஸ் டூ பாடம்: சில நாடுகள் ஏன் அணுகுண்டு வேண்டாம் என்கின்றன. கஜகஸ்தானைச் சொன்னேன். சோவியத் காலத்தில் குண்டை வெடித்துப் பார்த்தது அவர்கள் மண்ணில். எதிரி யாரும் வரவில்லை, நோயில் விழுந்தது சொந்த ஜனம். தனி நாடானதும், கையில் இருந்த குண்டுகளையே வேண்டாமென்று கொடுத்துவிட்டார்கள்.

கடைசி பெஞ்ச் நஸ்ரீன்: "பயந்துக்கினு குடுத்துட்டாங்க மிஸ்."

வகுப்பே சிரித்தது. "பயமில்லம்மா, அதுக்குத்தான் தைரியம் வேணும்" என்று அளந்தேன். கைதட்டல் வேறு.

வீட்டுக்கு வந்தால் எங்கள் பக்கமும் கம்பி. நல்லா நடத்தினேன் பாடம்!

வாங்க: ரவை, கொசுவத்தி, கிரேயான்.

நவ. 13, வியாழன்

இவர் பேச்சு மாறிவிட்டது. "கரண்ட் இல்லேன்னு தெரிஞ்சா எவன் பயப்படுவான்? ராத்திரிக்கு மட்டும் விடறேன்."

யாழினியும் சேகர் பெண் தனுவும் அந்த மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்றுதான் பந்து விளையாடுவார்கள். சொன்னேன்.

"பகல்ல ஆஃப்ல இருக்கும்மா."

"மறந்துட்டா?"

கத்தினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. சுவிட்சை அடுக்களைக்கு வெளியே பொருத்திவிட்டார். கரண்ட் ஓடினால் எரிகிற சின்ன சிவப்பு விளக்கு.

நவ. 15, சனி



காலையில் காபிக்குப் பால் வைத்தேன். வெளியே தனு குரல்: "யாழினி, பந்து குடுடீ!" எட்டிப் பார்த்தால் என் பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி மதிலுக்குக் கை நீட்டுகிறாள். இந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறது. இவர் அணைக்கவில்லை. அணைக்க மறந்தே போனார்.

பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்புகிறேன், எங்கள் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறாள். "இன்னாம்மா?" என்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இவர் சட்டைகூடப் போடவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு அதே ஸ்டூலில் ஏறிவிட்டார். மாடியிலிருந்து சேகர்: "இன்னா சார், பயந்துட்டீங்களா?"

"ஆமா சார். பயந்துட்டேன்." நிமிரக்கூட இல்லை, வெட்டிக்கொண்டே இருந்தார்.

சேகர் கம்பி அப்படியே இருக்கிறது. தனு அதன் கீழேதான் பந்து தட்டிக்கொண்டிருக்கிறாள்.

திங்கள்கிழமை நஸ்ரீனிடம் சொல்ல வேண்டும், அவள் சொன்னதுதான் சரியென்று.