பின்சுவரில் ஒரு வாசல்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

உங்கள் அண்ணன் நம் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார், வாசல் அவர் பக்கம் போய்விட்டது, வயலுக்குப் போகக்கூட உங்கள் அண்ணியிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சோறு இறங்கவில்லை.

இங்கே தக்காளிப் பண்ணையிலும் ராத்திரி எங்கள் அறையை மேஸ்திரி வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். போன வாரம் காலையில் பார்த்தால் சாவியைத் தொலைத்திருக்கிறார். நாங்கள் ஆறு பெண்களும் ஜன்னல் வழியாக இறங்கினோம். நான் இடுப்பில் சிக்கிக்கொண்டேன்.

"மூச்ச உள்ள இழுங்கக்கா!" என்று இரண்டு பேர் இழுக்க, ஒருத்தி பின்னாலிருந்து தள்ள, ஒரே சிரிப்பு. முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

அன்றே மேஸ்திரியிடம் ஊருக்குப் போகக் கேட்டேன். "பறிப்பு முடியட்டும், பாக்கலாம்" என்றார். போன பறிப்பிலும் இதையேதான் சொன்னார்.

அண்ணனிடம் கெஞ்சாதீர்கள். நம் பக்கத்துப் பின்சுவரை இடித்து ஒரு வாசல் வையுங்கள். வயல் சேற்றில் கால் வைத்தாலும் அது நம் வாசல். எந்த மூலையில் வைத்தீர்கள் என்று படம் வரைந்து அனுப்புங்கள். கண்ணை மூடினால் நான் இன்னும் பழைய வாசல் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் அண்ணி வழிவிட மாட்டேன் என்கிறார்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மனைவி