அத்தானின் துவக்கில் பிடித்த கறள்

என் அன்பு அத்தானுக்கு,

முதலில் இருந்து கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு ஒரு கதிரையாவது தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். செய்தி கொஞ்சம் கெட்டது. உங்கள் கைத்துவக்கு துருவேறிக் கறள் பிடித்து விட்டது.

கத்தி முடியுங்கள். பிறகு மிச்சத்தைச் சொல்கிறேன்.

அந்தத் துவக்கால் அக்கா பட்ட வெட்கம் உங்களுக்குத் தெரியும். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுசன், ஒக்லாந்திலை வந்து துவக்கு வாங்கி வச்சிருக்கு. ஆருக்கும் சொல்லிப் போடாதேங்கோ" என்று கோயிலில் எல்லாரிடமும் தானே சொல்லிக்கொண்டு திரிந்தா. இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குப் போவீர்களோ என்று வேறு அவவுக்குப் பயம். இந்த நாட்டில் அப்படி விடமாட்டார்கள், பெட்டகத்திலிருந்து சுட்டுப் பழகுகிற கிளப்புக்கு, கிளப்பிலிருந்து பெட்டகத்துக்கு என்று நான் எத்தனை தரம் விளங்கப்படுத்தினேன்! "இது கடதாசியைத்தானப்பா சுடும்" என்பீர்கள் நீங்கள். அந்தக் கடதாசிக்கும் உங்களால் பெரிய ஆபத்து இருக்கவில்லை. உங்கள் குண்டுகள் பாதி பக்கத்து ஆளின் கடதாசியில் அல்லவா போய் விழுந்தன?

ஆனால் துடைப்பதில் உங்களை அடிக்க ஆள் இல்லை. ஒனிஹங்கா வீட்டில் மனுக்காவ் கடலின் உப்புக் காற்றுக்கு மிளகாய்த்தூள் கட்டி பிடிக்கும், கொடிக் கம்பி சிவப்பாய் ஒழுகும், உங்கள் துவக்கு மட்டும் நீலக் கறுப்பாய் மினுங்கும். ஆராவது தொட்டால் போதும், லேஞ்சித் துணியோடு பின்னால் நிற்பீர்கள். "வேர்வையிலை உப்பு இருக்கு மச்சான். இண்டைக்கு விரல் வச்ச இடம், நாளைக்குக் கறள்." கிளப்பின் வெள்ளைக்காரத் தலைவர் அதைக் கையில் வாங்கிப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே பறித்துத் துடைத்தீர்களே! பாவம் மனுசன், தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சரி, கறள் எப்படி வந்தது? எங்கள் பங்குச் சுவாமியாரால்.

துவக்கை என் பெயருக்கு மாற்றப் பொலிஸ் அனுமதி கிடைத்து, உங்கள் முப்பத்தோராம் நாள் பூசையன்று எடுத்துப் போக உங்கள் வீட்டுக்கு வந்தேன். குண்டறை வெறுமை என்று பார்த்து மேசையில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா, "சுவாமி, அவரின்ரை சாமான் எல்லாத்துக்கும் தீர்த்தம் தெளிச்சு விடுங்கோ" என்றா. அவரும் சப்பாத்து, கார், புல்லு வெட்டுகிற மெசின் என்று ஒன்றும் விடவில்லை. துவக்குக்கும் தாராளமாய் ஒரு தெளிப்பு. அவர் தண்ணீரில் உப்புப் போட்டு மந்திரிக்கிற பழைய ஆள், அத்தான். உப்புத் தண்ணீர்!

லேஞ்சியை எடுத்தேன். சுவாமியாரும் அக்காவும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மந்திரித்த தீர்த்தத்தை, அதுவும் செத்த வீட்டில், ஒரு கத்தோலிக்கன் துடைக்கலாமா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, ஈரத்தோடு உங்கள் தோல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மனுரேவாவில் என் பெட்டகத்துக்குக் கொண்டு போனேன். தோல் ஈரத்தை விடுமா? பிடித்து வைத்துக் கொடுத்திருக்கிறது.

போன கிழமைதான் திறந்தேன். கிளப்பில் ஒருவர் வாங்கக் கேட்டார். "குடுத்துத் துலை, எனக்கு அதைக் காணவே ஏலாது" என்று அக்காவும் சொல்லி விட்டா. சனிக்கிழமை அவர் பார்க்க வருவதாக இருந்தது. திறந்து பார்த்தால், அம்மாளே, சின்னமுத்து போட்ட பிள்ளை மாதிரிச் சிவப்புப் புள்ளிகள்!

செய்தி கேட்டதும் அக்கா உங்கள் மகளைக் காரோட்டச் சொல்லி வந்து இறங்கினா. உங்கள் கார்தான், கியர் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கும். கையில் ஒரு பழப்புளி உருண்டை.

"குத்துவிளக்கெல்லாம் இதாலைதானே பளிச்செண்டு வரும். தா, நான் தேய்க்கிறன்."

நான் துவக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அந்த நீலமே ஒரு வகைக் கறள்தான், நல்ல கறள், அதுதான் கெட்ட கறளை அண்ட விடாமல் காக்கிறது என்று நீங்கள் படிப்பித்ததை ஒப்புவித்தேன். புளிக்கு நல்லது கெட்டது தெரியாது, இரண்டையும் உரித்து எடுத்துவிடும். "இட்ஸ் ஜஸ்ட் ரஸ்ட், மம்" என்று மகள் சொல்ல, "நீ சும்மா இரு" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம்.

பிறகு உங்கள் முறைதான். துவக்கெண்ணெயை ஊற்றி ஊற விட்டேன். இப்போது செல்லாத அந்தச் செப்புச் சதக் காசுக் குற்றிகளைச் சேர்த்து வைத்திருந்தீர்களே, அதில் ஒன்றின் விளிம்பால் மெல்ல மெல்லச் சுரண்டினேன். செப்பு கறளைக் கிளப்பும், இரும்பைக் கீறாது. சொன்னபடியே புள்ளிகள் போயின. அக்கா கிட்ட வந்து குனிந்து பார்த்தா.

தீர்த்தம் படாத மறுபக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் ஒரு கறள். இது புள்ளி இல்லை, ரேகை ரேகையாய் ஒரு பெருவிரல். நடுவில் குறுக்கே ஒரு கோடு.

குற்றியை வைக்கப் போன என் கையை அக்கா பிடித்தா.

"அது தேங்காய் உடைக்கப் போய் வெட்டின காயமெல்லே?"

ஓம் அத்தான். உங்கள் விரல். உலகத்தின் விரலெல்லாம் துடைத்த மனுசன், தன்னுடையதைத் துடைக்கவில்லை! ஊருக்குத்தான் உபதேசம். அக்கா சிரித்தா. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. பிறகு அது சிரிப்பாக இருக்கவில்லை.

"கடைசியாக் கிளப்பாலை வந்த அண்டைக்கு, களைப்பாயிருக்கு, நாளைக்குத் துடைக்கிறன் எண்டிட்டுத்தான் படுத்தவர்" என்றா.

எனக்கு அது தெரியாது, அத்தான். நீங்கள் துடைக்காமல் படுத்தீர்கள் என்று தெரிந்திருந்தால் அப்போதே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பேன்.

கறளை விட்டால் இரும்பைத் தின்னும், எடுத்தால் உங்கள் விரல் போய்விடும். என்ன செய்ய என்று அக்காவைக் கேட்டேன். அவவோ, இத்தனை வருசமாய்த் தொட மாட்டேன் என்று நின்ற துவக்கில், புளியும் வேர்வையும் ஒட்டிய தன் பெருவிரலை உங்கள் விரலுக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக அழுத்தினா.

"இந்தாங்கோ, நானும் வச்சிட்டன். வந்து துடையுங்கோ பாப்பம்."

பழக்க தோசத்தில் என் கை சட்டைப் பைக்குப் போய் லேஞ்சியை எடுத்துவிட்டது. அதில் மூக்கைச் சிந்திவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தேன்.

வாங்க இருந்தவருக்குப் போன் எடுத்து, விற்கிற எண்ணம் இல்லை என்று சொல்லி விட்டேன். தோல் பெட்டி குப்பைக்குப் போயிற்று. ஈரம் உறிஞ்சுகிற பைகள் பெட்டகத்தில் இருக்கின்றன. குழலுக்கும் குண்டறைக்கும் மாதா மாதம் எண்ணெய் பூசுவேன், தொடுகிறவன் எவனானாலும் பின்னால் நின்று துடைப்பேன். இது சத்தியம். ஆனால் அந்த இரண்டு விரல் இடத்தை மட்டும் துடைக்க மாட்டேன். கோபமென்றால் அக்கா சொன்னது போல நேரே வாருங்கள்.

உங்களிடம் துடைக்கப் பழகி, துடைக்காமல் விட்ட
உங்கள் மச்சான்,
ஜெயம்