அவன் ஏன் நாலு மணி நேரம் தாமதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. ஏழு மணி வரை எதிரே வந்த ஆள் தெரியவில்லை. வாடைக்காற்று இன்னும் விடவில்லை. ஏற்றுமதி ஷெட்டுக்கு நண்டு குறைவு, மதியத்துக்குள் கால் கட்டி முடிந்துவிடும் போல.

11.40க்கு ம.மே. போன். மதுமிதா மேடம். ஒவ்வொரு தடவையும் முழுப்பெயர் எழுத முடியாது, இனி ம.மே.தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் தெரியும், கேஸ் ஏஜென்ட் தெரியும். கதைக்கு ஏஜென்ட் உண்டு என்று போன மாதம்தான் தெரிந்தது. எழுதியது பிடித்தால் அவரே பதிப்பகத்திலும் ஆடியோக்காரர்களிடமும் போய்ப் பேசுவாராம். ஆப்பில் நான் தொடராகப் போட்ட கதையைப் பார்த்துவிட்டு, அவராகவே முதல் ஆறு அத்தியாயம் கேட்டார். அனுப்பி இருபது நாள். இன்று போன். எனக்கு ஒரு கையில் நண்டு, ஒரு கையில் கயிறு. பக்கத்தில் நண்டு கட்டும் ராணி அக்காதான் என் காதில் போனை வைத்துப் பிடித்தாள்.

அவர் என்ன பார்த்துக் கதை எடுப்பார் என்று சொன்னதை, மறப்பதற்குள்:

- இரண்டு பேரும் முதல் பத்துப் பக்கத்துக்குள் சந்திக்க வேண்டும். (என் கதையில் 31ஆம் பக்கம். அதுவரை ஏரி, பறவை, ஏரி.)
- தடை நிஜமாக இருக்க வேண்டும். கெட்ட பெரியப்பா ஒருத்தரை வைத்து ஒப்பேற்றக் கூடாது. (பெரியப்பாவை எடுத்துவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை.)
- நாயகிக்கு அவனைத் தவிர வேறு ஏதாவது ஆசையும் இருக்க வேண்டும். இது யோசிக்கணும்.
- கதையை ஒரே வரியில் சொல்லத் தெரிய வேண்டும்.
- முடிவு சந்தோஷம். அதில் மட்டும் கை வைக்கக் கூடாது. காதல் கதை வாங்குகிறவள் அதை நம்பித்தான் வாங்குகிறாள் என்றார்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். "நடை நல்லா இருக்கு பரிமளா. ஆனா உங்க ஹீரோவை எனக்குப் பிடிக்கல."

ஆறாம் அத்தியாயம். ஓடிப்போக அவள் மீஞ்சூர் ஸ்டேஷனில் நாலு மணி நேரம் காத்திருக்கிறாள். அவன் வருகிறான், "பாடு" என்று ஒரு வார்த்தை சொல்கிறான், அவள் சிரிக்கிறாள், இருவரும் ரயில் ஏறுகிறார்கள்.

"வாசகிக்கு இவன் மேல ஆசை வரணும். எனக்கு ரெண்டு அறை விடணும்னு வருது. பாடுன்னா என்ன?"

சொன்னேன். எங்கள் பழவேற்காடு ஏரியில் நன்றாக மீன் விழும் இடம் கொஞ்சம்தான், அதை ஊரில் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், இந்த நாள் இந்த செட்டு ஆட்களுக்கு என்று. அந்த முறைதான் பாடு. விட்டால் அடுத்த முறை வரைக்கும் கரையில்தான். ம.மே. கேட்டார், "இதை எத்தனையாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க?"

எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. சோறு என்றால் என்ன என்று யாராவது எழுதுவார்களா. ஆப்பில் படிக்கிறவர்களும் கேட்டதில்லை. "சூப்பர் சிஸ், அடுத்த எபி எப்போ" என்பார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் புதன்கிழமை அவர் ஒரு பதிப்பகத்தைப் பார்க்கப் போகிறார். அதற்கு முன்னால் செவ்வாய்க்குள் ஆறாம் அத்தியாயம் சரியாக வந்தால் என்னை எடுத்துக்கொள்வார். வராவிட்டால், "அடுத்த கதையில பார்க்கலாம்."

அடுத்த கதை என்னிடம் இல்லை. ஷெட்டில் பன்னிரண்டு வருஷமாக நண்டுக் கால் கட்டுகிறேன். இது எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும்.

பிப். 4, புதன்

பனி இல்லை. வாங்க வேண்டியது: பூண்டு, கடுகு, ஜனனிக்கு ஸ்கூல் ரெகார்டு நோட்டு.

பாடு பற்றி இரண்டு பக்கம் எழுதி, சாப்பாட்டு நேரத்தில் ராணி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னாடி இது, இஸ்கூல் புக்கு மாறி கீது. பாடுன்னா இன்னான்னு தெரியாதவங்க கூடவா கீறாங்க?"

ஐந்து வரியாகக் குறைத்தேன். இப்போது காரணம் தெரிகிறது: செட்டு ஆட்களைக் கைவிட முடியாமல் பாட்டை முடித்துவிட்டு ஓடி வருகிறான். நல்லவன். ம.மே.க்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ராணி அக்கா சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்:

"இது உங்க கதைதான? அன்னிக்கு உன் வூட்டுக்காரன் ஏழுமலைக்கு ஏது பாடு? அன்னிக்கு எங்கண்ணன் செட்டு. எனக்கு வளைகாப்பு. அண்ணன் வலைல வுழுந்த மடவ மீனத்தான் வந்தவங்களுக்கெல்லாம் கொழம்பு வெச்சது. சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் ஓடிட்டீங்கன்னு சேதி வந்து, என் வளையல எவளும் கண்டுக்கல. எனக்கு மறக்குமா?"

பிறகு நான் கட்டிய நாலு நண்டில் இரண்டு அவிழ்ந்துவிட்டது. ஒன்று விரலைப் பிடித்தது.

பிப். 5, வியாழன்

கேட்கவில்லை.

இவர் இரண்டு தோசை சாப்பிட்டார், மூன்றாவது வேண்டாம் என்றார், ஏரிக்குப் போனார், வந்தார், வலையை உதறினார். பொய் சொன்ன ஆள் மாதிரி தெரியவில்லை. பதினைந்து வருஷம் ஆனால் எதுவும் தெரியாது போல.

எனக்குத் தெரிந்த வரை: ஓடிப்போன அன்று காலை 9.45க்கு நான் ஸ்டேஷனில். இவர் வந்தது இரண்டு மணிக்கு மேல். "பாடு இருந்துச்சு, வுட முடில" என்றார். நான் நம்பினேன். என்னைக் கட்டியதற்காக ஊர் இவர் பெயரைப் பாட்டிலிருந்து எடுத்தது. எங்கள் வீடு தோணிரேவு. அம்மா, நைனா எல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இவர் ஊரில் எங்கள் வீடுகளில் பெண் எடுக்கமாட்டார்கள். மூன்று வருஷம் இவர் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கினார். பிறகுதான் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட ஆளிடம் அன்றைக்கு ஏன் லேட் என்று துருவ எனக்கு வாய் வந்ததில்லை.

ம.மே. வாய்ஸ் மெசேஜ்: ஒரு வரி தயாரா?

முயற்சி 1: ஏரிக்கரையில் மலர்ந்த காதல். (சோப்பு விளம்பரம்.)
முயற்சி 2: சாதியா, காதலா. (பட்டிமன்றம்.)
விட்டுவிட்டேன்.

பிப். 6, வெள்ளி

மதியம் வெயில் நன்றாக வந்தது. இவர் படகில் இன்ஜினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு உனக்குப் பாடு இல்ல. ராணி அக்கா சொல்லுது. எங்கய்யா இருந்த?"

மோரைக் குடித்து முடித்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"பத்து மணிக்கே வந்துட்டேன்."

"எங்க?"

"ஸ்டேஷனுக்குத்தான். பிரிட்ஜ் மேல நின்னுனு இருந்தேன்."

"நாலு மணி நேரமா?"

"தயிர் சோறு சாப்ட்ட. பாதிய நாய்க்கு வெச்ச."

பொய் இல்லை. அந்த நாயைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் என்று கேட்டேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எறங்கி வந்தா பாட்டுல என் பேரு இருக்காதுனு தெரியும். எனக்கு வேற வேல தெரியாது. உனக்கு இன்னாத்த போடுவேன்? மூணு ட்ரெயின வுட்டேன். நீயே எய்ந்து போயிட்டா தேவலனுகூட நெனச்சேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்த?"

"வெயிலு வந்துச்சு. நீ பைய எடுத்துனு ஸ்டேஷன் கேட்டாண்ட வேப்பமர நெழலுக்குப் போயி உக்காந்த. சரி, இவ எவ்ளோ நேரம் ஆனாலும் போவமாட்டானு தெரிஞ்சுது. எறங்கிட்டேன்."

நான் சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அழுகை இல்லை. கோபம். நான் கீழே பயந்து சாகிறேன், மேலே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார், நான் போனால் தேவலாம் என்று. இன்றைக்கு ரசம் மட்டும்தான் வைத்தேன். அப்பளம்கூடப் பொரிக்கவில்லை.

பிப். 7, சனி

பேச்சு இல்லை. இவர் ஜனனியிடம், "உங்கம்மாவ தண்ணி வேணுமானு கேளு" என்கிறார். தண்ணீர்க் குடம் என் பக்கத்தில் இருக்கிறது.

ஷெட்டில் இன்று உள்ளே சதை நிறையாத நண்டு அதிகம். எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். கை வேலை செய்தால் மனசு வேறெங்கோ போகும். போகக் கூடாத இடத்துக்குப் போனது.

அந்த வேப்பமர நிழல்.

இதைப் புத்தகத்தில் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். நான் நிழலுக்காக அங்கே போகவில்லை. அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரியும். பழவேற்காடு பஸ் 2.20க்கு. நைனா கரையேறி என்னைத் தேடுவார், இவன் வரமாட்டான், பஸ் வந்ததும் ஏறிவிடலாம் என்றுதான் பையை எடுத்தேன். கையில் டிக்கெட்டுக்குச் சில்லறைகூட எண்ணி வைத்திருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் நான் அங்கே இல்லை.

அதைப் பார்த்துத்தான் இவர், நான் போகமாட்டேன் என்று முடிவு செய்து இறங்கி வந்திருக்கிறார். பாட்டை விட்டு, மூட்டை தூக்கி, எல்லாம்.

என் நாயகி சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தேனே. நான் சிரிக்கவில்லை. சில்லறையை முந்தானையில் முடிந்து மறைத்தேன். பொய் சொன்னது இவர் மட்டும் இல்லை.

பிப். 8, ஞாயிறு

ஷெட் லீவு. காலை ஆறரையிலிருந்து எழுதினேன். பழைய ஆறாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பாலத்தின் மேலே அவன், கீழே பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணும் அவள், மாறி மாறி. பாடு ஒரே வரியில் வந்தது, மேலே நின்று அவன் படிகளை எண்ணும் இடத்தில்: இறங்கினால் பாட்டில் பெயர் இருக்காது. விளக்கமே தேவைப்படவில்லை. ம.மே. கேட்ட நிஜத் தடை அங்கேயே நின்றிருக்கிறது, நான்தான் அதைச் சாக்காக வைத்திருந்தேன். ஒன்பது பக்கம். இவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை.

இவருக்குச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. இவர் விஷயம் இது. மூன்று மணிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தேன்.

முதல் பக்கத்திலேயே நிறுத்தினார். "அவன் பேரு இன்னா?"

"ஆதித்யா."

"நம்ம குப்பத்துல ஏது ஆதித்யா?"

"சரி, மாத்தறேன். கேளு."

பஸ் வரும் இடத்தில் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. படித்து முடித்தேன்.

"நெழலுக்கு இல்லையா?"

"இல்ல."

"பஸ்ஸுக்கா?"

"ஆமா."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கரைப் பக்கம் போய்விட்டார். அனுப்பட்டுமா என்று முதுகைப் பார்த்துக் கேட்டேன். "அனுப்பு" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது. கதை வந்துவிட்டது, இவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று இருக்கிறது. எங்கே போவார், ஐஸ் வாங்கத்தான் போயிருப்பார். இருந்தாலும்.

பிப். 9, திங்கள்

காற்று திரும்பிவிட்டது, இதமாக இருந்தது. ஆதித்யாவை வேலு ஆக்கினேன். 10.12க்கு ம.மே.க்கு அனுப்பினேன். 10.30க்குப் பார்த்துவிட்டார். பதில் இல்லை. மதியம் இல்லை. ராணி அக்கா, "இன்னா அடிக்கடி போன பாக்கற, நண்டு கடிக்கப் போவுது" என்றாள்.

இவர் சாதாரணமாகப் பேசுகிறார். சோறு, உப்பு, ஐஸ். அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இன்று அப்பளம் பொரித்தேன். ஐந்து சாப்பிட்டார்.

பிப். 10, செவ்வாய்

9.05. ம.மே. போன். நான் ஷெட்டுக்குப் போகும் வழியில், கோட்டைக்குப்பம் திருப்பத்தில், சைக்கிளை நிறுத்திக்கொண்டு.

"படிச்சேன். ரெண்டு தடவை. இப்ப இவனைப் பிடிச்சிருக்கு. அவளை அதைவிட."

எடுத்துக்கொள்கிறாராம். நாளைக்கே பதிப்பகத்தில் பேசுவாராம். ஒப்பந்தம் மெயிலில் வரும், படித்துப் புரியாவிட்டால் கேட்க வேண்டும், புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது. ஒரு வரி கேட்டார். யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது: ஓடிப்போக வந்த இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பப் பார்த்த கதை. "அப்படியே எழுதி அனுப்புங்க" என்றார்.

பிறகு கேட்டார். "அவ பஸ்ஸுக்காகத்தான் எழுந்தான்னு அவனுக்கு எப்ப தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை மேடம்."

"கதையில, பரிமளா."

"கதையிலயும் பதினஞ்சு வருஷம் கழிச்சுதான்."

"அப்ப கடைசி அத்தியாயம் அதுதான். தெரிஞ்சதும் அவன் என்ன சொல்றான்? அந்த ஒரு பதில்லதான் முடிவு சந்தோஷமா இல்லையான்னு இருக்கு. எழுதிட்டீங்களா?"

அவன் இன்னும் சொல்லவில்லை என்றேன். நான் இன்னும் எழுதவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். மார்ச் முதல் வாரத்துக்குள் முழுக் கதையும் வேண்டும்.

சாயங்காலம் இவர் கரையேறும்போது கூடையைப் பிடிக்கப் போனேன். இறால் பரவாயில்லை. விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "உன்ன எடுத்துக்கறாங்களா" என்று இரண்டு தடவை கேட்டார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன்.

"அந்தப் பஸ்ஸப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே."

"சொல்றதுக்கு இன்னா கீது? ரெண்டு இருவத வுட்டா அஞ்சு மணிக்குத்தான் அடுத்தது." கொஞ்சம் நடந்தார், நின்றார். "நான் எறங்காம வூட்டுக்குத் திரும்பிருந்தாலும் அந்தப் பஸ்ஸுலதான் ஏறிருப்பேன். நீ முன்னாடி உக்காந்துனு இருந்திருப்ப."